கேமரா வைக்காத அறை

முன்னாடியே உக்காருங்க அம்மணி. பின் சீட்டு பூரா துணி மூட்டை, செக்கிங் முடிஞ்சு டெலிவரிக்குப் போகோணும். பையை மடில வெச்சுக்காதீங்க, கீழ போடுங்க. ஏசி வேணுமுங்களா, ஜன்னல் காத்தே போதுமா? சரிங்க.

ஹெச்.எம். அம்மா என்ன சொன்னாங்கன்னா, புது கவுன்சிலிங் டீச்சர் ஈரோட்டுல இருந்து பல்லடம் பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குவாங்க, ஒரு ஆட்டோ அனுப்பி வெய்யுங்கன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்னேன். ஏன்னா உங்ககிட்ட ஒரு சங்கதி பேசி முடிச்சுக்கோணும். பள்ளிக்கூடத்துக்குள்ள போயிட்டா என்னைப் பேச விடமாட்டாங்க.

எம்பேரு சென்னியப்பன். பனியன் துணிக்கு செக்கிங், அயர்ன், பேக்கிங் பண்ற சின்ன யூனிட் ஒண்ணு வெச்சிருக்கறேன். பள்ளிக்கூடக் கமிட்டிக்கு நான்தான் தலைவர். உங்க சம்பளம் கவர்மென்ட் குடுக்கறதில்லீங்க, அதைத் தெரிஞ்சுக்குங்க. ஊர்ல பனியன் தொழில் பண்ற நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து போடற காசு. பெஞ்சு வாங்கறது, குடிதண்ணி மெஷின் வெக்கறது எல்லாம் நாங்கதான். கவுன்சிலிங் டீச்சர் போடலாம்னு மொதல்ல ரோசனை சொன்னதே நான்தானுங்க. எல்லா வீட்லயும் அப்பனும் ஆத்தாளும் ஷிப்டுக்குப் போயிடறாங்க. புள்ளைங்க பூட்டுன வீட்டுக்கு வந்து, சாவியை எடுத்துத் தெறந்து, ஆறிப்போன சோத்தைத் தின்னுட்டு உக்காந்திருக்கும். பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்லீங்களா? அதுக்குத்தான் ஜெசிந்தா மேடத்தைப் போட்டோம். திண்டுக்கல்காரங்க.

நல்ல மேடமுங்க. நான் யாரையும் குறை சொல்ற ஆளில்ல. ஒடிசாவுல இருந்து பொழைக்க வந்த குடும்பத்துப் புள்ள, லிப்சான்னு பேரு, ஆறாவதுல சேர்ந்துச்சு. வாயே தெறக்காது. டீச்சருங்க எல்லாம் ஊமைன்னே நெனச்சுட்டாங்க. இந்த மேடம் தெனமும் அதுகூடத் தரையில உக்காந்து படம் வரைவாங்க. இவங்க தமிழ்ல பேசுவாங்க, அது தலையாட்டும். அப்பறம் ஒரு நாள் பிரேயர்ல நின்னு பாடுச்சுங்க. தமிழ்லயே. எங்க யூனிட்ல அயர்ன் டேபிள்ல நின்னுட்டிருந்த அதோட அப்பனுக்கு நான்தான் போன்ல காட்டினேன். பள்ளிக்கூடத்துக் கேமராவுல பதிவாகியிருந்துச்சு.

ஆமாங்க, கேமரா. பள்ளிக்கூடம் பூரா கேமரா மாட்டிக் குடுத்தது நான்தான். கேட்டு, வராண்டா, கிளாஸ் ரூம், எல்லாம் என் போன்லயே தெரியும். இப்பவே காட்டுவேன், வண்டி ஓட்டறதுனால வேண்டாம்.

ஒரே ஒரு ரூம்ல மட்டும் மாட்ட முடியல. லேப் சாமான் போட்டு வெச்சிருந்த ரூமை ஒழிச்சு ஜெசிந்தா மேடத்துக்குக் குடுத்தோம். எலக்ட்ரீசியன் ஏணியோட போய் நின்னா, "இங்க வேண்டாம் சார்"ங்கறாங்க.

"ஏனுங்க மேடம்? பாதுகாப்புதானுங்க."

"இங்க கேமரா இருந்தா ஒரு புள்ளையும் அழாது சார்."

"அழறதுக்காங்க சம்பளம் குடுத்து ரூம் போட்டிருக்கறோம்?"

அதுக்கு அவங்க சிரிச்சாங்க. "ஆமாங்க சார், அதுக்குந்தான்"னாங்க. அன்னைக்கே எனக்கு மனசுல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. இருந்தாலும் விட்டுட்டேன்.

எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. பிளஸ் ஒன். பத்தாவதுல ஸ்கூல் பஸ்ட். நல்ல புள்ளைங்க, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. கோகோ ஆடிட்டிருந்தா, ஜில்லா டீம்ல கூட எடுத்தாங்க. நான்தான் போதும் கண்ணுன்னேன், சரிப்பான்னு நிறுத்திட்டா. ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டுப் படிச்சா தூக்கம் வரும்னு மேசையை ஹால்ல போட்டேன். மேல ஒரு கேமரா. நான் யூனிட்ல இருந்தே பாத்துக்குவேன். பேனாவை வாயில வெச்சுட்டு எங்கயோ பாத்துட்டு உக்காந்திருப்பா. ஒடனே போன் போட்டு "படி கண்ணு"ன்னு சொல்லுவேன். அப்பா பாத்துட்டிருக்கறேன்னு தெரிஞ்சா புள்ளைக்கு ஒரு தெம்பு பாருங்க. எத்தனை அப்பனுங்க இப்படிப் பாக்கறாங்க? குடிச்சுட்டு விழுந்து கெடக்கறவன் மத்தியில நான் வேலைக்கு நடுவுல எம்புள்ளை மூஞ்சியைப் பாத்துட்டே இருக்கறேன்.

அப்பத்தானுங்க ஒரு நாள் வராண்டா கேமராவுல பாத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தாரணி டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போறா. மணி அடிக்கற வரைக்கும் வெளிய வரல. அடுத்த வாரமும் அதே மாதிரி. அதுக்கடுத்த வாரமும்.

எம்புள்ளைக்கு என்ன கொறை? அவளுக்கு எதுக்கு அந்த ரூமு?

வீட்ல கேட்டேன். "சும்மா, சாப்பிடப் போவேன்பா"ன்னா. அவங்கம்மா ருக்மணியைக் கேட்டேன், "எனக்குத் தெரியாதுங்க"ன்னா. சரின்னு நேரா மேடத்துகிட்டயே போனேன். மரியாதையாத்தானுங்க கேட்டேன்.

"தாரணி உங்ககிட்ட என்ன பேசறா மேடம்?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

"நான் அவ அப்பனுங்க."

"தெரியுங்க சார். அவ உசுருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா அடுத்த நிமிஷம் உங்களுக்குச் சொல்லிடுவேன். மத்ததெல்லாம் அவளோடது. நீங்களும் அம்மாவும் ஒரு நாள் வாங்க, மூணு பேரும் சேர்ந்து உக்காந்து பேசலாம். அவளுக்கும் சம்மதம்."

பாத்தீங்களா? எம்புள்ளைகிட்ட நான் பேசறதுக்கு எம்புள்ளை சம்மதம்! அதுவும் இவங்க மூலமா! நான் போகலீங்க. எதுக்குப் போகோணும்?

அடுத்த கமிட்டி மீட்டிங் வந்துச்சு. ஸ்மார்ட் போர்டு வாங்கோணும்னு சயின்ஸ் டீச்சர் ரொம்ப நாளாக் கேட்டுட்டிருந்தாங்க. காசு ஒண்ணுக்குத்தான் பத்தும். போர்டா, கவுன்சிலிங்கான்னு வந்துச்சு. போர்டுன்னா கண்ணுக்குத் தெரியும், புள்ளைங்க மார்க்குல தெரியும், ரூமுக்குள்ள நடக்கறது யாருக்குத் தெரியும்னேன். எல்லாரும் கை தூக்குனாங்க. பழி வாங்குனேன்னு ஊர்ல சொல்றாங்க, நீங்களும் கேப்பீங்க. அப்படி இல்லீங்க. கமிட்டி முடிவு. நான் ஒருத்தன் மட்டுமா கை தூக்குனேன்?

ஜெசிந்தா மேடம் சண்டை போடல. "பாதியில விட்டுட்டுப் போறது புள்ளைங்களுக்குத்தான் கஷ்டம் சார். வேற யாரையாவது ஒடனே போடுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்க போன அன்னைக்கு கேட்டுகிட்ட ஒரே கூட்டம். தாரணி அந்தக் கூட்டத்துல இல்ல. வராண்டாவுல தூணோட ஒட்டி நின்னுட்டிருந்தா. போன்ல பாத்தேன். வீட்டுக்கு வந்து தலைவலின்னு சொல்லி சாப்பிடாமப் படுத்துட்டா. பரிச்சை நேரம், புள்ளைங்களுக்குத் தலைவலி வராதுங்களா?

அப்பறம்தானுங்க அந்தச் சனிக்கெழமை.

லாரி வர்றான், சித்த இருங்க. ம்.

ஸ்பெஷல் கிளாஸ்னு யூனிபார்ம் போட்டுக் கெளம்பிப் போனா. கொஞ்ச நேரத்துல கிளாஸ் டீச்சர் போன். "தாரணி வரலீங்களே, ஒடம்பு சரியில்லீங்களா?" போனை எடுத்து வீட்டுக் கேமராவை ஓட்டிப் பாத்தேன். ஷூவைத் தொடைக்கறா. பையை மாட்டறா. சாமி படத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்கறா. கேட்டைச் சாத்திட்டுப் போறா. அவ்வளவுதான். திருப்பித் திருப்பிப் பாத்தேன். மூஞ்சியில ஒண்ணுமே தெரியல அம்மணி. பெருசு பண்ணிப் பாத்தேன், அப்பவும் ஒண்ணும் தெரியல.

ருக்மணி அயர்ன் டேபிள்ல நின்னுட்டிருந்தா. சொன்னேன். அவ கத்தல, அழுகல. அயர்ன் பாக்ஸை நிறுத்தி வெச்சுட்டு, "மேடத்துக்குப் போன் பண்ணுங்க"ன்னா.

"அந்தம்மா இங்க வேலையிலயே இல்ல, அவங்களுக்கு எதுக்கு?"

"பண்ணுங்க."

நான் பண்ணல. எனக்கு வேற ரோசனை. இந்த வயசுல பொண்ணு காணோம்னா மொதல்ல எதை நெனப்போம்? அவ கிளாஸ்ல பிரணவ்னு ஒரு பையன், கோகோ ஆடற காலத்துல இருந்து பேசுவான். நேரா அவன் வீட்டுக்குப் போனேன். சட்டையைப் பிடிச்சு வெளிய இழுத்தேன். "எங்கடா எம்புள்ளை?"ன்னு கேட்டேன். பையன் வெலவெலத்துப் போயிட்டான். "அங்கிள், தாரணி கொஞ்ச நாளா எங்க யாருகூடவும் பேசறதே இல்ல. டீச்சர்கிட்டயே சொன்னோம்"ங்கறான். நடிக்கறான்னு நெனச்சேன். அவங்கப்பா வந்து என் கையை எடுத்து விட்டாரு. அங்கிருந்து பஸ் ஸ்டாப்பு, கோயிலு, கெணத்து மேடு, எல்லாப் பக்கமும் வண்டியை விட்டேன். கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தேன். தண்ணிதான் இருந்துச்சு.

மத்தியானம் தாண்டி போன் வந்துச்சு. எனக்கில்லீங்க. ருக்மணி போனுக்கு.

"தாரணி எங்க வீட்லதான் இருக்கா. நல்லா இருக்கா, சாப்பிட்டுத் தூங்கறா. நீங்க மட்டும் வாங்கம்மா. சார் இன்னைக்கு வேண்டாம்." ஜெசிந்தா மேடம். திண்டுக்கல்ல இருந்து.

பஸ் ஏறி அவ்வளவு தூரம் போயிருக்கறா அம்மணி! என்னைக் கேக்காம பக்கத்துக் கடைக்குக் கூடப் போகாத புள்ளை!

பொண்டாட்டியைத் தனியா அனுப்புவனா? நானே ஓட்டிட்டுப் போனேன். வழி நெடுக நான்தான் பேசிட்டே போனேன். புள்ளையைக் கடத்திட்டாங்கன்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கறேன்னேன், வேற எங்கயும் வேலை கெடைக்காமப் பண்றேன்னேன். பொழுதோட போய்ச் சேர்ந்தோம். சின்ன வீடு, சந்துக்குள்ள. மேடம் வாசப்படியில நின்னுட்டிருந்தாங்க, எங்களை எதிர்பாத்த மாதிரி.

"அம்மா, நீங்க உள்ள போங்க. சார், நாம இங்க பேசலாம்."

"தள்ளுங்க மேடம். எம்புள்ளை உள்ள இருக்கறா."

அவங்க நகரல. ஒல்லியான உருவம், எங்க யூனிட்ல பண்டல் தூக்கற பொம்பளைல பாதி கூட இருக்க மாட்டாங்க. கதவு நெலவைப் பிடிச்சுட்டு அப்படியே நின்னாங்க. நான் கதவுல கை வெச்சேன். "தாரணி! வெளிய வா!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். சந்துல எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க. உள்ள இருந்து குரல் வந்துச்சு. எம்புள்ளை குரல்தான். ஆனா அந்த மாதிரி ஒரு குரலை நான் கேட்டதே இல்லீங்க.

"அப்பா போகட்டும். அப்பா போனாத்தான் வருவேன்."

நான் கதவைத் தள்ளப் போனேன். அப்ப ருக்மணி என் நெஞ்சுக்குக் குறுக்க கையைப் போட்டா. "நில்லுங்க"ன்னா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ என்னை அப்படிச் சொன்னதில்ல. நான் நின்னுட்டேன். அவ உள்ள போயி, கதவைச் சாத்தி, தாப்பாள் போட்டா. அந்தச் சத்தம் கேட்டுச்சு.

வெளிய நானும் மேடமும். அவங்க மெதுவாச் சொன்னாங்க.

"சார், ஆபத்துன்னா சொல்லுவேன்னு ஒரு நாள் சொன்னேன் இல்லீங்களா. இப்பச் சொல்றேன். அவளுக்கும் சொல்லிட்டுத்தான் சொல்றேன். தாரணி நேரா இங்க வரல. தாராபுரத்துல எறங்கி, அமராவதிப் பாலத்து மேல ரொம்ப நேரம் நின்னிருக்கறா. அப்பறம்தான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு இங்க வந்தா. அவளை டாக்டர்கிட்டக் காட்டோணும். திங்கக்கெழமையே காட்டோணும். தனியா விடக் கூடாது. திட்டக் கூடாது."

பாலத்து மேல நின்னா என்னங்க? அமராவதியில அப்ப நல்ல தண்ணி. டேம் தெறந்து விட்டிருந்தாங்க. ரெண்டு கரையும் தொட்டுட்டுப் போச்சு. நானே அந்தப் பக்கம் போனா வண்டியை நிறுத்திப் பாப்பேன். புள்ளை வேடிக்கை பாத்திருப்பா. அதைத்தான் சொன்னேன். "வேடிக்கை பாத்திருப்பா மேடம்"னேன். மறுபடியும் சொன்னேன். மேடம் என்னையே பாத்தாங்க. அப்பறம் கதவைத் தட்டித் தெறக்கச் சொல்லி, ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடுத்தாங்க. சொம்பைப் பிடிக்க முடியலீங்க எனக்கு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு.

வேடிக்கைதான் பாத்திருப்பா. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்ல வேண்டாம். விடுங்க.

ருக்மணிதான் கோயமுத்தூர்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. மாத்திரை குடுத்திருக்காங்க, மாசாமாசம் போறாங்க. மேசை திரும்ப ரூமுக்குள்ள போயிடுச்சு. ஹால்ல இருந்த கேமராவை ருக்மணியே ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டி, அரிசி டப்பாவுக்குள்ள போட்டுட்டா. போன்ல அந்தக் கட்டம் இப்ப கருப்பாத் தெரியும்.

அதோட விட்டாளா? பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம். நான் மேடையில உக்காந்திருக்கறேன், ஸ்மார்ட் போர்டு வந்ததுக்குக் கை தட்டச் சொல்லிட்டிருக்கறாங்க. கூட்டத்துல இருந்து ருக்மணி எந்திரிச்சா. "எம்புள்ளை உசுரோட இருக்கறா. அதுக்குக் காரணம் இந்தப் பள்ளிக்கூடத்துல இருந்த ஒரு ரூமு. அதை மூடினது எங்கூட்டுக்காரர்"னா. மைக் கூட இல்லாம. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. இப்படியா வீட்டு விசயத்தை வெளிய பேசறது? ஆனா பாருங்க, அவ உக்கார்றதுக்குள்ள இன்னொரு பொம்பளை எந்திரிச்சா, எங்க யூனிட்ல செக்கிங் பண்றவ. "எம்பையனும் அந்த மேடத்துகிட்டப் போவானுங்க"ன்னா. அப்பறம் லிப்சாவோட அம்மா, இந்தியும் தமிழும் கலந்து என்னமோ சொல்லுச்சு, சொல்றப்பவே அழுதுருச்சு. அப்பறம் ஒருத்தி, இன்னொருத்தி. எல்லாம் வேலைக்கு லீவு போட்டுட்டு வந்தவங்க. "போர்டு வேண்டாம், திருப்பிக் குடுங்க. கொறைஞ்சா நாங்களும் மாசாமாசம் போடறோம்"னாங்க. கமிட்டிக்காரங்க என் மூஞ்சியைப் பாத்தாங்க. நான் சரின்னேன். வேற என்ன சொல்றது?

ஜெசிந்தா மேடத்தைத்தான் கூப்பிட்டோம். அவங்க அங்கயே வேற பள்ளிக்கூடத்துல சேர்ந்துட்டாங்க, வர முடியாதுன்னு உங்க பேரைச் சொன்னாங்க.

இப்ப நான் கேக்க வந்த சங்கதிக்கு வர்றேன்.

ஒரே ஒரு கண்டிசன் அம்மணி. சம்பளம் ஒரு நாள் தள்ளாது, நான் பொறுப்பு. ரூமுல கேமரா வேண்டாம், சரி, ஒத்துக்கறேன். ஆனா எம்புள்ளை என்ன பேசறான்னு எனக்கு மட்டும் சொல்லிடோணும். மத்த புள்ளைங்களோடது வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நான் என்ன பண்ணிட்டேன்? அவளையே கேட்டுப் பாத்தேன். "நான் என்ன கண்ணு பண்ணேன்?"னு. "ஒண்ணும் பண்ணலப்பா"ன்னா. அவளே சொல்லிட்டா பாருங்க, நான் ஒண்ணும் பண்ணலைன்னு. அப்பறம் ஏன் நான் வீட்டுக்குள்ள வந்தா எந்திரிச்சு உள்ள போறா?

வண்டியை ஓரங்கட்டறேன், பயப்படாதீங்க. பள்ளிக்கூடம் அந்த வளைவு தாண்டித்தான். நீங்க பதில் சொல்லுங்க, அப்பறம் போலாம்.

என்னங்க?

அப்ப நீங்களும் அதையேதான் சொல்றீங்க. ஆபத்துன்னா சொல்லுவீங்க, மத்தது அவளோடது. வேலையே போனாலுமா? ம். ரெண்டு பேரும் ஒரே காலேஜுல படிச்சீங்களா?

இல்ல, இல்ல, கோவமில்லீங்க. நீங்க கதவைத் தெறக்க வேண்டாம், உக்காருங்க. என்ன கேட்டீங்க இப்ப? தாரணி கடைசியா என்கிட்ட அவளாவே வந்து எதைப் பத்திப் பேசுனான்னா? காலைல சாப்பிட்டியான்னேன், ம்னா. அது நான் கேட்டதுக்குச் சொன்னது. அவளாவேன்னா... மார்க்கு வந்தப்ப... அதுவும் நான்தான் போன்ல பாத்துட்டுக் கூப்பிட்டேன். கோகோ டீம்ல எடுத்தாங்கன்னு ஓடி வந்து சொன்னா. எட்டாவதோ, ஒம்பதாவதோ. வேர்த்து விறுவிறுத்து யூனிட்டுக்கே ஓடி வந்தா. அதுக்கப்பறம் இருக்குமுங்க. இல்லாம இருக்குமா? இப்ப ஞாபகம் வரல.

சித்த இருங்க. தூசி. கண்ணுல தூசி விழுந்துருச்சு, ஜன்னல் தெறந்திருக்குதில்ல.

சரிங்க அம்மணி. வேலை உங்களுக்குத்தான். ஹெச்.எம். அம்மாகிட்ட நான் போன்ல சொல்லிடறேன். ஆனா ஒண்ணு. நான் கேப்பேனுங்க. கேக்காம இருக்க என்னால ஆகாது. ரூம் வாசல்ல வந்து நின்னு கேப்பேன், போன் போட்டுக் கேப்பேன், சம்பளத்தை நிறுத்திடுவேன்னு கூடச் சொல்லுவேன். எனக்கு என்னைத் தெரியும். நீங்க சொல்லிறாதீங்க.

பையை எடுத்துக்குங்க. மன்னிச்சுக்குங்க, கேட்டு வரைக்கும் நான் வர்றதில்ல, இங்கிருந்து நடந்து போயிடுங்க, கிட்டத்தான். இது இன்டர்வெல் நேரம், பிளஸ் ஒன் புள்ளைங்க எல்லாம் கேட்டுகிட்டத்தான் நிக்கும். என் வண்டியில இருந்து நீங்க எறங்கறதை அவ பாத்துட்டா, அப்பறம் உங்க ரூமுக்கு வரமாட்டா.